மினரல் பவுடருக்கு முதல் முகம் என்னுடையது

கரியமாணிக்கத்தில் நெல்லும் கரும்பும் பயிர் வைக்கிறவன் நான். என் முகத்தில் மேக்கப் ஏறியது கல்யாணமாகிப் பல வருடம் கழித்து, என் மனைவியின் கையால். இன்றைக்கும் விசேஷ வீடுகளுக்குப் போகும்போது பூசிக்கொள்கிறேன். அதில் எனக்குக் கூச்சம் எதுவும் இல்லை. யாராவது உற்றுப் பார்த்தால் மினரல் பவுடர் என்று நானே சொல்லிவிடுவேன். இந்தப் பழக்கம் எப்படி வந்தது என்று கேட்கிறவர்களுக்குத்தான் உட்கார்ந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் என் தோலைப் பற்றிச் சொல்கிறேன். சின்ன வயதிலிருந்தே எதுவும் ஒத்துக்கொள்ளாத தோல். கரும்பில் சோகை என்கிற காய்ந்த தோகையை உரிக்கப் போனால் மற்றவர்களுக்குக் கையில் நாலு கீறல் விழும். எனக்கோ அதிலுள்ள பொடி முள் போன்ற சுணை பட்ட இடமெல்லாம் தடித்துச் சிவந்துவிடும். சவரம் செய்தால் தாடை முழுக்கப் பொரிப்பொரியாக எழும்பும். புதுச் சட்டையைத் துவைக்காமல் போட்டால் கழுத்து அரிக்கும். என் கல்யாணத்தன்று மாப்பிள்ளைக்கென்று யாரோ அள்ளிப் பூசிய வாசனைப் பவுடரால், ஐயர் மந்திரம் சொல்லச் சொல்ல நான் கன்னத்தைச் சொறிந்துகொண்டிருந்தேன். வீடியோவில் அது அப்படியே பதிவாகியிருக்கிறது. அதன் பிறகு சோப்பைத் தவிர என் முகத்துக்கு எதையும் காட்டியதில்லை.

எங்கள் மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு என் மனைவி புதுச்சேரி டவுனில் பியூட்டிஷியன் கோர்ஸ் படித்தாள். படித்து முடித்ததும் வீட்டின் முன்னறையில் பெரிய கண்ணாடி ஒன்றை மாட்டி, சாய்கிற நாற்காலி ஒன்றைப் போட்டுப் பார்லர் தொடங்கினாள். புருவம் திருத்துவது, பேஷியல் என்று ஆரம்பித்து, கல்யாணப் பெண்ணுக்கு மேக்கப் போடுகிற அளவுக்கு வளர்ந்தாள். பாகூர், வில்லியனூர், அரியாங்குப்பம் என்று எங்கே கூப்பிட்டாலும் மேக்கப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு என் பைக்கின் பின்னால் உட்கார்ந்துகொள்வாள். அவள் உள்ளே வேலை செய்கிற நேரம் நான் வெளியே ஆண்களோடு உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருப்பேன். மேக்கப் பற்றி அப்போது எனக்குத் தெரிந்தது அந்தப் பெட்டியின் கனம் மட்டும்தான்.

அந்த நாட்களில் அவள் போட்டது கிரீம் மேக்கப். முகத்தைத் துடைத்து, ஒன்றன் மேல் ஒன்றாகப் பூசி, அதன் மேல் பவுடர் அடித்து, கடைசியில் எதையோ பீய்ச்சி முடிப்பாள். பெண்கள் அதைத்தான் கேட்டார்கள். மணப்பெண்ணைவிட மணப்பெண்ணின் சொந்தக்காரர்கள் அதிகம் கேட்டார்கள். முகம் ஒரு நிறமாகவும் கை ஒரு நிறமாகவும் இருந்தால்தான் மேக்கப் போட்டதாக ஒத்துக்கொள்வார்கள்.

பாகூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் ஒரு பெண்ணுக்கு மாலை வரவேற்புக்கு மேக்கப் போட்டுவிட்டு வந்தோம். மறுநாள் காலை முகூர்த்தம். விடியும்போதே பெண்ணின் அம்மாவிடமிருந்து போன் வந்தது. போனை வைத்ததும் என் மனைவி தலைகூட வாரிக்கொள்ளாமல் பைக்கில் ஏறினாள். போய்ப் பார்த்தால் பெண்ணின் கண் இமை இரண்டும் வீங்கி, கன்னம் முழுக்கச் சிவந்து தடித்திருக்கிறது. அவளுடைய தாய்மாமன் வாசலிலேயே எங்களை மறித்தார்.

"இன்னாத்தமா பூசின எம் பொண்ணுக்கு? இன்னும் கொஞ்ச நேரத்துல மாப்ள வூட்டுக்காரங்க வந்துடுவாங்க. இன்னா பதில் சொல்றது நானு?"

என் மனைவி அவரைத் தாண்டி நேராக உள்ளே போனாள். பெண், "அக்கா, எரியுதுக்கா" என்று சொன்னதை நான் வெளியிலிருந்தே கேட்டேன். பச்சைத் தண்ணீரில் முகத்தைக் கழுவி, ஈரத்துணியை மேலே போட்டு எடுத்து, வீக்கம் கொஞ்சம் வடிகிற வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அந்தக் கல்யாணம் மேக்கப் இல்லாமலேயே நடந்தது. பொட்டும் பூவும் மட்டும். சாப்பாடு முடிந்ததும் பெண்ணை டவுனில் ஒரு தோல் டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். பூசிய பாட்டிலையும் எடுத்து வரச் சொன்னதால் என் மனைவியும் கூடப் போனாள்.

டாக்டர் நிதானமான பெண்மணி. யாரையும் குற்றம் சொல்லவில்லை. பாட்டிலில் இருக்கிற வாசனையோ, கெட்டுப்போகாமல் இருக்கச் சேர்க்கிற மருந்தோ இந்தப் பெண்ணுக்கு ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கலாம் என்றார். எதுவென்று ஒரே நாளில் சொல்ல முடியாதாம். இனிமேல் குறைவான பொருட்கள் சேர்ந்ததாகப் பார்த்து வாங்குங்கள், யாருக்குப் போடுவதாக இருந்தாலும் இரண்டு நாள் முன்பே காதுக்குப் பின்னால் கொஞ்சம் தடவிப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பினார். பெண்ணுக்கு ஒரு வாரத்தில் சரியாகிவிட்டது. என் மனைவிக்குத்தான் சரியாகவில்லை. மேக்கப் பெட்டியை பீரோவின் மேல் தூக்கி வைத்துவிட்டாள்.

"இனிமே கல்யாணப் பொண்ணுக்குப் போட மாட்டன். புருவம், பேஷியலோட நிறுத்திக்கறன்" என்றாள்.

எனக்கு அது பிடிக்கவில்லை. ஒரு போகம் பூச்சி அடித்ததென்று நான் நிலத்தைத் தரிசாகப் போட்டுவிடுவேனா? இதை அவளிடம் சொன்னேன். அவள் பெட்டியை இறக்கவில்லை. ஆனால் மதியம் சாப்பிட்ட பிறகு போனில் எதையோ தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தாள். படிப்பது, யாருக்கோ போன் போட்டுக் கேட்பது, திரும்பப் படிப்பது. ஒருநாள் நான் வயலிலிருந்து வந்து கை கால் கழுவிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் வந்து நின்றாள்.

"மினரல் மேக்கப்னு ஒண்ணு இருக்குதுங்க. வெறும் பவுடரு. எண்ணெ இல்ல, தண்ணி இல்ல, நல்லதா பாத்து வாங்கினா வாசனையும் இல்ல. தண்ணி சேக்காததால கெட்டுப்போவாம இருக்கற மருந்தும் அவ்வளவா தேவப்படாதாம்."

"அப்ப அதுல இன்னாதான் இருக்குது?"

"மைக்கா, ஜிங்க் ஆக்சைடு, கலருக்கு இரும்புத் துரு மாதிரி ஒண்ணு. எல்லாம் கல்லு மண்ணு வகைதான். நைசா அரைச்சி சுத்தம் பண்ணது."

"துருவயா மூஞ்சில பூசுவாங்க?"

"சின்னக் கொழந்தைக்கு இடுக்குல புண்ணானா வெள்ளையா ஒரு களிம்பு போடுவமே, அதுல இருக்கறது இதே ஜிங்க்தான். கொழந்தைக்கே ஆவுது, பெரியவங்களுக்கு ஆவாதா?"

அவள் சொன்னது எனக்குச் சரியென்று பட்டது. சரி வாங்கு, யார் முகத்தில் போட்டுப் பார்ப்பாய் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"உங்க மூஞ்சிலதான். உங்களுக்கு ஒத்துக்கிச்சின்னா எந்தப் பொண்ணுக்கும் தைரியமா போடலாம்."

கூரியரில் வந்த பெட்டிக்குள் சின்னச் சின்ன டப்பாக்கள் இருந்தன. மூடியைத் திறந்தால் மஞ்சள் தூளைவிட நைசான பவுடர். முகர்ந்து பார்த்தேன், ஒரு வாசனையும் இல்லை. முதல் இரண்டு நாள் காதுக்குப் பின்னால் மட்டும் தடவினாள். என் உடம்பு எனக்குத் தெரியும். ஒத்துக்கொள்ளாத பொருளென்றால் டீ ஆறுவதற்குள் சொல்லிவிடும். இது ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் காலை, நாற்காலியை வாசலில் வெயில் படுகிற இடத்தில் போட்டு என்னை உட்கார வைத்தாள். டியூப் லைட்டில் பார்த்தால் நிறம் ஏமாற்றிவிடுமாம். தாடையில் பக்கத்தில் பக்கத்தில் மூன்று கோடு இழுத்தாள். கண்ணாடியைக் காட்டினாள். ஒரு கோடு சாம்பல் பூசியதுபோல் இருந்தது. இன்னொன்று மஞ்சளடித்துத் தெரிந்தது. மூன்றாவது கோட்டைக் காணவில்லை.

"எங்க போச்சு பாத்தீங்களா? காணாமப் போறதுதான் உங்க கலரு."

அந்த மூன்றாவதும் டப்பாவில் வந்த நிறம் அல்ல. வந்ததெல்லாம் எங்கள் பக்கத்து முகங்களுக்கு வெளுப்பாக இருந்ததால், அடர்த்தியான நிறத்தை இதில் கொஞ்சம் அதில் கொஞ்சம் என்று அவளே கலந்திருந்தாள். பிறகு மூடியில் ஒரு சிட்டிகை தட்டி, குட்டையான பிரஷ்ஷை அதில் சுழற்றி, அதிகப்படியை உதறிவிட்டு, என் கன்னத்தில் வட்ட வட்டமாகத் தேய்த்தாள். தோலில் பூனை வால் உரசிப் போவதுபோல் இருந்தது. முடித்துவிட்டேன் என்றபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை.

"எதுவும் பூசின மாதிரியே இல்லியே?"

"அதான் வேணும்."

கண்ணாடியில் பார்த்தேன். நான்தான். ஆனால் தாடையில் இருந்த சிவப்பு இல்லை. சவரம் செய்த இடத்துப் பொரி இருந்தது, ஆனால் கண்ணில் படவில்லை. வெளுத்த முகம் இல்லை, மினுமினுப்பு இல்லை. நன்றாகத் தூங்கி எழுந்த நாளில் என் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. அதோடு வயலுக்குப் போகச் சொன்னாள். வியர்வையில் என்ன ஆகிறதென்று பார்க்க வேண்டுமாம்.

போகிற வழியில் டீக்கடை. பக்கத்து நிலத்துக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"இன்னாபா, மூஞ்சி தெளிவா இருக்குது? நல்ல தூக்கமா?"

நான் மறைக்கவில்லை. "மேக்கப்பு. எங்க வூட்ல போட்டு வுட்டாங்க" என்றேன். கடையே சிரித்தது. பொம்பளை சாமானைப் பூசிக்கொண்டு வந்துவிட்டான் என்று ஒருவர் ஆரம்பித்தார். நான் டீயைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்தேன்.

"அண்ணே, நீங்க மீசைக்கு டை அடிக்கறீங்க. நான் கன்னத்துக்கு அடிக்கறன். இதுல இன்னா இருக்குது?"

அவர் தன்னையறியாமல் மீசையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு அந்தப் பேச்சே வரவில்லை.

அன்று மதியம் வரை மடை பார்த்துத் தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்தேன். நன்றாக வியர்த்தது. தோளில் கிடந்த துண்டால் ஒற்றி ஒற்றி எடுத்தேன். துண்டில் லேசாக நிறம் ஒட்டியது, ஆனால் வாய்க்கால் வாய்க்காலாக வழியவில்லை. கிரீம் போட்ட பெண்களின் கழுத்தில் நான் பார்த்திருக்கிற அந்தக் கோடுகள் என் முகத்தில் விழவில்லை. முகம் மூடிக்கொண்டதுபோல் ஒரு புழுக்கமும் இல்லை. வீட்டுக்கு வந்து சாதாரண சோப்பில் கழுவினேன், போய்விட்டது. மறுநாள் காலை முகத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டேன். புதிதாக ஒரு பொரி இல்லை. என் மனைவி பீரோ மேலிருந்து பெட்டியை இறக்கினாள்.

அடுத்த ஆறேழு கல்யாணங்கள் நல்லபடியாகப் போயின. ஆனால் அவளுக்கு முழு நம்பிக்கை வந்தது வீராம்பட்டினத்தில்தான்.

கடல் தொழில் செய்கிற குடும்பம். அப்பாவுக்குச் சொந்தப் படகு. அம்மா மார்க்கெட்டில் மீன் விற்கிறவர். பெண்ணும் அம்மாவோடு உட்கார்ந்து விற்றுப் பழகியவள். நிச்சயம் ஆனதும், வெளுப்பாக வேண்டுமென்று யாரோ சொன்ன ஒரு கிரீமை வாங்கிப் பூசியிருக்கிறாள். முதலில் பளிச்சென்று ஆகி, பிறகு கன்னம் வெந்ததுபோல் சிவந்து, வெயிலில் தலை காட்ட முடியாமல் போயிருக்கிறது. டாக்டர் அந்தக் கிரீமை நிறுத்தி, மருந்து கொடுத்து, ஓரளவு ஆறியிருந்தது. ஆனாலும் தோல் மெல்லிசாகி அங்கங்கே சிவப்பு தெரிந்தது. கல்யாணத்துக்கு இன்னும் மூன்று வாரம். டாக்டரிடம் கேட்டதற்கு, முகம் ஆறிவிட்டது, வாசனை இல்லாததாகப் பார்த்து, தடவிச் சோதித்துவிட்டுப் போடலாம் என்று சொல்லியிருக்கிறார். இருந்தும் அந்தப் பெண் எதுவும் வேண்டாம் என்று உட்கார்ந்துவிட்டாள். அம்மாவுக்கு இரண்டு பக்கமும் பயம்.

நாங்கள் போனபோது அந்த அம்மாள் என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கண்ணு, எதுவுமே போடலன்னா மாப்ள வூட்டுல ஒரு பேச்சு. போட்டு மறுபடியும் வெந்துச்சின்னா நான் இன்னா பண்ணுவன்?"

"அக்கா, பயப்படாதீங்க. இந்தப் பவுடர மொதல்ல எங்க வூட்டுக்காரர் மேல போட்டுதான் பாத்தன். அவரு தோலு உங்க பொண்ணு தோலவிட மோசம்" என்று சொன்ன என் மனைவி, வாசல் பக்கம் திரும்பி, "ஏங்க, இங்க வாங்க" என்றாள்.

நான் வெளியே பைக் மேல் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் நாலைந்து பேர் வலையைப் பிரித்துப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே கூப்பிடுகிறாள் என்று எழுந்தால், அவளே பெட்டியோடு வெளியே வந்துவிட்டாள். வெளிச்சம் வேண்டுமே. பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. வலைக்காரர்கள் வேலையை விட்டார்கள். பெண்ணும் அம்மாவும் வாசற்படியில் நின்றார்கள். அன்று காலைதான் சவரம் செய்திருந்தேன். தாடை வழக்கம்போல் சிவந்து கிடந்தது. என் மனைவி மூக்குக்கு இந்தப் பக்கம் மட்டும் போட்டாள், அந்தப் பக்கத்தை அப்படியே விட்டாள். என்னை அரை முகத்தோடு கூட்டத்தின் பக்கம் திருப்பினாள்.

பெண்ணின் அப்பா கிட்டே வந்து என் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். மீன் வாங்குகிறவர்கள் செவுளைத் தூக்கிப் பார்ப்பதுபோல் இருந்தது. கட்டை விரலால் என் கன்னத்தைத் தேய்த்து விரலையும் பார்த்துக்கொண்டார்.

"ஒண்ணும் பெரிசா ஒட்டலியே. வேர்த்தா இன்னாவும்?"

"வேர்க்க வுட்டுப் பாருங்கண்ணே" என்றாள் என் மனைவி.

அவர்கள் அதைச் சொன்னபடியே செய்தார்கள். அந்த அம்மாள் சோறு போட்டு, அப்போதுதான் இறக்கிய சங்கரா மீன் குழம்பை ஊற்றினார். அவ்வளவு காரத்தை அதற்கு முன் நான் சாப்பிட்டதில்லை. அதையும் வெயிலில் உட்கார வைத்துப் போட்டார்கள். நெற்றி, மூக்கு, கழுத்து எல்லா இடத்திலும் வழிந்தது. நான் துண்டை எடுத்தால், "தொடைக்காதீங்க, ஒத்துங்க" என்று என் மனைவி குரல் கொடுத்தாள். கண்ணில் தண்ணீரோடு நான் குழம்பைப் பிசைந்து சாப்பிடுவதைப் பார்த்து அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்து ரொம்ப நாளாகிறது என்று அவள் அம்மா பிறகு சொன்னார். சாப்பிட்டு முடித்து எழுந்தபோது இந்தப் பக்கக் கன்னம் கிட்டத்தட்ட போட்டபடியே இருந்தது. அந்தப் பக்கம் காரமும் வெயிலும் சேர்ந்து இன்னும் சிவந்திருந்தது.

"எனக்குப் போடுங்கக்கா" என்று பெண்ணே சொன்னாள்.

"இன்னிக்கு மூஞ்சில போட மாட்டன். காதுக்குப் பின்னால மட்டும். ரெண்டு நாளு பாக்கலாம். ஒத்துக்கலன்னா நானே வேணாம்னு சொல்லிடுவன்" என்றாள் என் மனைவி.

இரண்டு நாள் கழித்துப் பெண் போனில் படம் அனுப்பினாள். காதுக்குப் பின்னால் ஒன்றுமில்லை. அடுத்த வாரம் தாடையில் ஒரு பொட்டு அளவு போட்டுப் பார்த்தார்கள். அதற்கும் ஒன்றுமில்லை.

வரவேற்பு நாளன்று மண்டபத்தில் ஏசி இல்லை, மின்விசிறிகள் மட்டும். அதோடு உப்புக் காற்று. என் மனைவிக்கு இன்னொரு கவலை இருந்தது. இந்தப் பவுடரைக் கனமாகப் போட்டால் கேமரா பிளாஷில் முகம் வெள்ளையாக விழும் என்று அவள் படித்திருந்தாள். அதனால் போட்டோகிராபர் விளக்குகளைக் கட்டிக்கொண்டிருக்கும்போதே என்னை மேடையில் மணமக்கள் நாற்காலியில் உட்கார வைத்து, ஒரு கன்னத்தில் கனமாகவும் ஒரு கன்னத்தில் லேசாகவும் பூசிப் படம் எடுக்கச் சொன்னாள். கனமாகப் பூசிய பக்கம் சுண்ணாம்பு அடித்ததுபோல் இருந்தது. லேசான பக்கம் என் நிறத்திலேயே இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு உள்ளே போய்ப் பெண்ணுக்கு மெல்லிசாகவே போட்டாள். சிவப்பு இருந்த இடத்தில் மட்டும் சின்ன பிரஷ்ஷால் இன்னொரு தடவை.

பெண் வெளியே வந்தபோது நான் மண்டபத்தின் வாசற்பக்கம் நின்றிருந்தேன். கடலோரத்தில் வளர்ந்த பெண்ணுக்கு இருக்கிற நிறம். கழுத்தும் முகமும் கையும் ஒரே நிறம். கன்னத்தில் சிவப்பு இல்லை. மாப்பிள்ளையின் அம்மாவுக்கு அது போதவில்லை. என் மனைவியைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இன்னாமா, பொண்ணுக்கு மேக்கப்பே போடலியா? கொஞ்சம் வெள்ளையா அடிச்சி வுடேன். போட்டோவுல நல்லா இருக்கும்ல?"

நான் கொஞ்சம் பயந்தேன். சம்பந்தி வீட்டுக்காரர் நினைத்தால் எதை வேண்டுமானாலும் பிரச்சினையாக்கலாம். என் மனைவி பிரஷ்ஷைத் துணியில் துடைத்துக்கொண்டே அமைதியாகச் சொன்னாள்.

"அத்தை, நீங்க மார்க்கெட்டுல இந்த மூஞ்சியப் பாத்துதான பொண்ணு கேட்டீங்க? அதே மூஞ்சிய உங்களுக்குக் குடுக்கறன். நாளைக்கு கழுவினாலும் இதே பொண்ணுதான் உங்க வூட்ல இருக்கும்."

அந்த அம்மாள் பெண்ணின் பக்கம் போய், கன்னத்தை ஒற்றை விரலால் தொட்டுப் பார்த்தார். "கையில ஒட்டலியே" என்றார். வெள்ளைப் பேச்சு அதோடு முடிந்தது.

மறுநாள் முகூர்த்தத்தில் அப்பா கையைப் பிடித்துக் கொடுத்தபோது பெண் அழுதாள். கன்னத்தில் இரண்டு தடம் விழத்தான் செய்தது. எந்த மேக்கப்பும் அழுகைக்குத் தப்பாது. ஆனால் என் மனைவி மேடைக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தாள். துணியால் ஒற்றி, பிரஷ்ஷை நாலு சுற்றுச் சுற்றினாள், தடம் போய்விட்டது. கிரீமாக இருந்தால் அதை முழுக்க எடுத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும். அடுத்த நாள் மாமியார் வீட்டிலிருந்து அந்தப் பெண் வெறும் முகத்தோடு ஒரு படம் அனுப்பியிருந்தாள். கீழே "ஒண்ணுமே ஆவலக்கா" என்று எழுதியிருந்தாள். என் மனைவி அந்தப் படத்தைப் பெரிதாக்கி, இடது கன்னம், வலது கன்னம், நெற்றி என்று பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினாள். நானும் அதேபோல் பார்த்தேன். பிறகு இருவரும் சிரித்தோம்.

இப்போது யார் கேட்டாலும் நான் தைரியமாகச் சொல்வேன். என்னைப் போன்ற தோலுக்கு இதுதான் நல்லது. லேசாக இருக்கும், அரிக்காது, வியர்வையில் வழியாது, சொந்த நிறத்தை மாற்றாது, சோப்புப் போட்டால் போய்விடும். அதற்காக இதை மந்திரமாக்க மாட்டேன். ஜிங்க் இருப்பதால் வெயிலைக் கொஞ்சம் தடுக்குமே தவிர, வயலுக்குப் போகும்போது தலையில் துண்டு கட்டாமல் நான் போவதில்லை. பருவையும் படையையும் இது ஆற்றாது. அதற்கு டாக்டர் இருக்கிறார். மினரல் என்று மேலே எழுதிவிட்டு உள்ளே வாசனையைச் சேர்த்த டப்பாவும் எங்கள் வீட்டுக்கு ஒருமுறை வந்தது. திறந்ததும் என் மூக்கு சொல்லிவிட்டது, திருப்பி அனுப்பினோம். பூசும்போது மூச்சை ஒரு கணம் பிடித்துக்கொள்ள வேண்டும், நைஸ் பவுடர் மூக்கில் ஏறும். இவ்வளவுதான் ஜாக்கிரதை.

போன தையில் என் மச்சானுக்குக் கல்யாணம். என் மனைவியின் ஒரே தம்பி. வில்லியனூரில் மண்டபம். பெண்ணுக்கு அவள்தான் மேக்கப். பெண்ணுக்கு முடித்ததும் பெண்ணின் தங்கை, சித்தி, எங்கள் பக்கத்து அண்ணிகள் என்று வரிசை கட்டினார்கள். ஒருவரையும் இல்லையென்று சொல்ல அவளால் முடியவில்லை. மேளச் சத்தம் மாறியது. மாப்பிள்ளையை மேடைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். நாத்தனார் என்ற முறையில் தாலிக்கு முடிச்சுப் போட வேண்டியவள் இவள். பட்டுப் புடவை கட்டியிருந்தாள், தலை நிறையப் பூ வைத்திருந்தாள், ஆனால் முகத்தில் காலையிலிருந்து வேலை செய்த களைப்பும் வியர்வையும்தான். நான் அறை வாசலில் வந்து கூப்பிட்டேன்.

"வா, கூப்புடறாங்க."

"இப்பிடியேவா? அஞ்சு நிமிஷம் குடுங்க" என்று சொல்லிக்கொண்டே அண்ணி ஒருத்தியின் கண்ணுக்கு மை தீட்டிக்கொண்டிருந்தாள்.

நான் உள்ளே போனேன். பெட்டியில் அவளுடைய நிறம் எந்த டப்பாவென்று எனக்குத் தெரியும். என் நிறத்தைவிட ஒரு படி அடர்த்தி. மூடியில் ஒரு சிட்டிகை தட்டி, பிரஷ்ஷைச் சுழற்றி உதறினேன். அவள் முகத்தைத் துணியால் ஒற்றினேன். அறையில் இருந்த பெண்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அடி யாருடி இது, புது மேக்கப்மேனு!" என்றாள் ஒரு சித்தி. சிரிப்பு எழுந்தது.

"மூச்ச புடி" என்றேன். அவள் கண்ணை மூடி மூச்சைப் பிடித்தாள். வட்ட வட்டமாக, நெற்றியில் தொடங்கி, கன்னத்துக்கு இறங்கி, மூக்கின் ஓரத்தில் மெதுவாக. கரும்பு வெட்டுகிற கை. ஆனால் இந்தப் பவுடர் கையைப் பார்ப்பதில்லை. லேசாகப் போட்டால் தானாகப் படிந்துகொள்ளும். கண்ணுக்குக் கீழே இருந்த கருமை தணிந்தது. முகம் தெளிந்து வந்தது. இவளிடமிருந்து எத்தனை பெண்கள் இப்படித் தெளிந்து எழுந்து போயிருக்கிறார்கள் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

கண்ணைத் திறந்து கண்ணாடியில் பார்த்தாள். இடது பக்கம் திரும்பினாள், வலது பக்கம் திரும்பினாள்.

"காது ஓரத்துல வுட்டுட்டீங்க" என்று பிரஷ்ஷை என் கையிலிருந்து பிடுங்கி, இரண்டு சுற்றுச் சுற்றி அதைச் சரிசெய்துகொண்டாள். பிரஷ்ஷைத் திரும்ப என் கையில் வைத்துவிட்டு, புடவைக் கொசுவத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்தபடி மேடையை நோக்கி வேகமாகப் போனாள். நான் டப்பாவை மூடி வைத்துவிட்டு, அவள் முடிச்சுப் போடுவதைப் பார்க்க ஓடினேன்.